மேனுவல் மோடு இல்லாத சின்ன கேமராவில் போட்டோகிராபி கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி இதுதான்: வீட்டில் சோனி சைபர்ஷாட் டபிள்யூ830 ஒன்று சும்மா கிடக்கிறது; அதில் மேனுவல் மோடு (வெளிச்ச அமைப்புகளை எல்லாம் நாமே வைக்கும் வசதி) இல்லை; இதை வைத்துப் போட்டோகிராபி கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை காசு சேர்த்து டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டுமா?

தாராளமாக முடியும். ஆனால் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் கற்கும் வழியில் நீங்கள் கற்க முடியாது. அவர் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு எவ்வளவு பெரியது), ஷட்டர் (எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே வருகிறது), ஐஎஸ்ஓ (வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது) மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பழகுவார். உங்கள் கேமராவில் ஐஎஸ்ஓ மட்டும்தான் உங்கள் கைக்கு வரும்; மற்ற இரண்டையும் அதுவே முடிவு செய்துகொள்ளும். அதனால் உங்களுக்கான பாடம் வேறு. இந்த இடத்தில் கேமரா என்ன முடிவு எடுக்கும், எங்கே தப்பு செய்யும் என்று பட்டனை அழுத்தும் முன்பே ஊகிக்க வேண்டும். ஊகம் பிடிபட்டுவிட்டால், அந்த முடிவை மாற்ற இந்தச் சின்ன கேமராவிலேயே நாலைந்து வழி இருக்கிறது.

முதலில் மோடை மாற்றுங்கள். இன்டெலிஜென்ட் ஆட்டோவில் இருந்தால் பெரும்பாலும் கேமரா இஷ்டம். புரோகிராம் ஆட்டோவுக்கு வாருங்கள். மெனுவில் ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயலைச் சரிசெய்வது), ஃபோகஸ் எங்கே என்பது, இவி (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) என்று சில வரிகள் இருக்கும். மற்ற கம்பெனிகளின் சின்ன கேமராக்களிலும் ‘பி’ என்றோ புரோகிராம் என்றோ இப்படி ஒன்று பெரும்பாலும் இருக்கும். அப்படியே டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். அது படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. அதைக் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம்.

அடுத்து, கையில் இருக்கும் பொருளின் அளவு தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கேமராவின் சென்சார் (வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு) 1/2.3 இஞ்ச் வகை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிஜ அளவு சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சார் கேமராவில் அது 36 × 24 மில்லிமீட்டர், பரப்பளவில் ஏறக்குறைய 30 மடங்கு. இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பாக்கி எல்லாம் வருகிறது. வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருவது இதனால்தான். முன்னால் நிற்பவரும் பின்னால் இருக்கும் சுவரும் சேர்ந்தே தெளிவாகத் தெரிவதும், நீங்கள் எவ்வளவு கேட்டாலும் பின்னணி கரையாமல் இருப்பதும் இதனால்தான்.

லென்ஸும் சென்சாருக்கு ஏற்ற மாதிரி பொடிசு. டப்பாவில் 25–200 மி.மீ. என்று போட்டிருப்பது ஃபுல் ஃபிரேமுக்குச் சமமான கணக்கு. உண்மையான நீளம் 4.5 முதல் 36 மி.மீ. அப்பர்ச்சரை எஃப் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் திறப்பு சின்னது. ஜூம் செய்யாதபோது எஃப்/3.3, முழுக்க ஜூம் செய்தால் எஃப்/6.3. அதாவது ஜூமைக் கடைசி வரை இழுத்தால் உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலே என்ற அளவுக்கு இறங்கிவிடும். மண்டபத்துக்குள் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு மேடையை ஜூம் செய்தால் படம் ஏன் கலங்கி வருகிறது என்பதற்கு இதுவே பதில். வெளிச்சம் போதாமல் கேமரா ஷட்டரை மெதுவாக்குகிறது. ஜூம் உங்கள் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. எழுந்து முன்னால் போய், ஜூம் இல்லாமல் எடுப்பதுதான் வழி.

சரி, பட்டனுக்கு வருவோம். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஒரு நிலை, முழுதும் அழுத்தினால் இன்னொரு நிலை என்பது பலருக்கும் தெரியும். அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. பாதி அழுத்தும்போது லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து, எந்த இடத்தில் கோடுகள் அதிகக் கூர்மையாகத் தெரிகின்றனவோ அங்கே நிற்கிறது. இதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். குழந்தை சிரித்து முடித்த பிறகு கேமரா ‘கிளிக்’ என்பது இதனால்தான். கோடே இல்லாத வெள்ளைச் சுவரைக் காட்டினால் அது திணறும். அதே தூரத்தில் ஒரு ஜன்னல் கம்பியையோ கதவு ஓரத்தையோ பார்க்க வைத்துப் பாதி அழுத்தி, விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஃபோகஸ் அங்கேயே பூட்டி நிற்கும். பெரும்பாலும் வெளிச்சக் கணக்கும் அதோடு பூட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதைப் பழக ஊஞ்சல் நல்ல இடம். குழந்தை ஆடும்போது இரண்டு முனைகளிலும் ஒரு கணம் நின்று திரும்பும். உங்கள் பக்கம் வரும் முனை எந்த இடம் என்று பார்த்து, அதே தூரத்தில் தரையில் கிடக்கும் செருப்பையோ கல்லையோ பாதி அழுத்திப் பூட்டிக்கொள்ளுங்கள். ஊஞ்சல் அந்த முனைக்கு வருவதற்கு ஒரு துளி முன்னால் மீதியை அழுத்துங்கள். முதலில் காலும் கயிறும்தான் விழும். கொஞ்ச நேரத்தில் விரலுக்கும் கண்ணுக்கும் கணக்கு ஒத்துப்போகும். தாமதம் உள்ள கேமராவில் இதைப் பழகியவருக்கு வேகமான கேமரா கையில் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பது. ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் காயப்போட்டு, அது மட்டும் படம் முழுக்க நிறையும்படி எடுங்கள். அதே வெளிச்சத்தில் ஒரு கருப்புக் குடையை விரித்து வைத்து, அதையும் படம் நிறைய எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வேட்டி அழுக்குச் சாம்பலாகவும் குடை வெளுத்த சாம்பலாகவும், ஏறக்குறைய ஒரே நிறத்தில் வந்திருக்கும். கேமராவுக்கு வேட்டி, குடை என்று எதுவும் தெரியாது. எதிரே இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தர வெளிச்சம்தான் என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. வெள்ளை நிறையத் தெரிந்தால் ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்’ என்று படத்தை இருட்டாக்கும். கருப்பு நிறையத் தெரிந்தால் படத்தை வெளுக்க வைக்கும்.

இதைத் திருத்தத்தான் அந்த இவி. பிளஸ் 2 முதல் மைனஸ் 2 வரை, மூன்றில் ஒரு பங்காக நகரும். வேட்டிக்கு பிளஸ் 1 வைத்து எடுங்கள், வெள்ளை வெள்ளையாகும். குடைக்கு மைனஸ் 1 வையுங்கள், கருப்பு கருப்பாகும். இந்த ஒரு பயிற்சி மனதில் ஏறிவிட்டால் ஊரில் பாதி இடங்களில் கேமரா என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கடற்கரை மணல், வெயில் படும் சுண்ணாம்புச் சுவர், பனிமூட்டம் எல்லாவற்றுக்கும் பிளஸ். கருங்கல் மண்டபத்தின் இருட்டுப் பின்னணியில் ஒரு முகம், மேடை விளக்கில் நிற்கும் பாடகர் என்றால் மைனஸ். பட்டுவேட்டி மாப்பிள்ளையையும் கறுப்புக் கோட்டு நண்பரையும் ஒரே படத்தில் எடுக்கும்போது முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாநிறமோ கறுப்போ, முகத்தை வெளுக்க வைத்து ‘நல்லா வந்திருக்கு’ என்று சொல்லும் ஸ்டுடியோ பழக்கம் நமக்கு வேண்டாம். நேரில் எப்படியோ அப்படி வரட்டும்.

இவியை மாற்றினால் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். அடுத்த நாள் எடுக்கும் படமெல்லாம் வெளுத்தோ இருண்டோ வருவதற்கு இதுவே பெரிய காரணம்.

ஃபிளாஷைப் பற்றி எல்லோரும் ‘அணைத்து வையுங்கள்’ என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இந்த ஃபிளாஷ் இரண்டு மூன்று மீட்டர் வரைதான் போகும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் என்பதால், கச்சேரியில் பின்வரிசையிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் பளிச்சென்று வரும், பாடகர் இருட்டில் இருப்பார். விளக்கு, தீபம், அந்தி எதற்கும் ஃபிளாஷ் ஆகாது. ஆனால் நண்பகல் வெயிலில், தொப்பி போட்டவர் முகத்திலோ ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகத்திலோ நிழல் அடைத்திருந்தால் ஃபிளாஷைக் கட்டாயம் எரியும்படி வைத்து, கிட்டே போய் எடுங்கள். கண் குழியில் இருக்கும் கறுப்பு போய்விடும். வெயிலில் ஃபிளாஷ், இருட்டில் ஃபிளாஷ் வேண்டாம் என்பது கேட்கத் தலைகீழாக இருக்கும். செய்து பார்த்தால் புரியும்.

இரவில் ஆளும் வேண்டும், பின்னால் இருக்கும் தெரு விளக்குகளும் வேண்டும் என்றால் நைட் போர்ட்ரெய்ட் மாதிரியான ஒரு மோடு இருக்கும். அதில் ஃபிளாஷ் ஆளைப் பிடிக்கும். ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்தே இருந்து பின்னணியை வாங்கிக்கொள்ளும். ஃபிளாஷ் மின்னியதும் ‘முடிந்தது’ என்று ஆட்கள் கலைவார்கள். அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். இன்னொன்று: பழைய வீட்டிலோ மழைத் தூறலிலோ ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வட்ட வட்டமாக ஒளி மிதக்கும். ஆவி, தெய்வ சக்தி என்றெல்லாம் அதைப் பகிர்கிறவர்கள் உண்டு. சின்ன கேமராக்களில் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், முன்னால் பறக்கும் தூசியும் மழைத்துளியும் அந்த வெளிச்சத்தை நேரே லென்ஸுக்குள் திருப்பி அனுப்புகின்றன. ஃபோகஸில் இல்லாததால் வட்டமாகத் தெரிகின்றன. கண் சிவப்பாக வருவதும் இந்தப் பக்கத்து வீட்டு உறவால்தான்: விழித்திரையின் ரத்த நிறம் அப்படியே திரும்பி வருகிறது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் எந்த நிறச் சாயலைக் கண்டாலும் அதைக் கழுவப் பார்க்கும். கார்த்திகை அகல்விளக்கின் மஞ்சளும் சூரியன் சாயும் நேரத்துச் செம்மையும் படத்தில் சோகையாக வந்தால், ‘வெயில்’ அல்லது ‘மேகம்’ என்ற அமைப்புக்கு மாற்றி எடுத்துப் பாருங்கள்.

வெளிச்சத்தைப் பார்க்கக் கற்பதற்குக் கோலம்போல ஒரு பொருள் கிடைக்காது. காலையில் வெயில் தாழ்வாக விழும் நேரத்தில் வாசலில் கோலம் போட்டிருந்தால் நாலு பக்கமும் சுற்றி வந்து எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கோடுகள் தட்டையாக, அச்சடித்த மாதிரி வரும். உங்கள் நிழலும் உள்ளே விழும். சூரியன் பக்கவாட்டில் இருக்கும்படி நின்றால் மாவு விழுந்த இடத்தில் ஒவ்வொரு இழைக்கும் ஒரு சின்ன நிழல் வரும். பொடி பொடியாக இருப்பது தெரியும், விரல் எங்கே வேகமாகப் போனது, எங்கே நின்று திரும்பியது என்பதுகூடத் தெரியும். சூரியனை நோக்கி நின்றால் ஈரத் தரை பளபளக்கும், கோடு கொஞ்சம் மங்கும். அப்புறம் உட்கார்ந்து, கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுங்கள். மாக்ரோவில், அதாவது கிட்டே இருந்து எடுக்கும் முறையில், இந்த வகை கேமராக்கள் சில சென்டிமீட்டர் வரை கிட்டே போகும், ஜூம் செய்யாமல் இருந்தால் மட்டும். ஒரு புள்ளி பெரிதாக முன்னால், மீதிக் கோலம் பின்னால் வீடு வரைக்கும் ஓடும். மேலிருந்து எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலம் ஒன்று, கேமரா ஒன்று. மாறியது நீங்கள் நின்ற இடம் மட்டும்தான்.

நிற்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போது முகங்களைச் சொல்ல வேண்டும். ஜூம் இல்லாமல் முகத்துக்கு மிகக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடும். இதற்குக் காரணம் தூரம். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, நடுத்தர ஜூமில் எடுத்தால் முகம் முகமாக வரும். பின்னணி கரைய வேண்டும் என்ற ஆசையும் ஓரளவு அங்கேதான் நிறைவேறும். ஜூம் முழுக்க, ஆள் உங்களுக்கு அருகே, பின்னணி அவருக்கு வெகு தொலைவில்: இப்படி வைத்தால் கொஞ்சம் மங்கும். அதற்கு மேல் இந்தச் சென்சாரிடம் எதிர்பார்க்க வேண்டாம். கரைக்க முடியாத பின்னணியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். தலைக்கு மேல் முளைத்திருக்கும் மின்கம்பம், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட பைக், காயப்போட்ட துண்டு எல்லாம் திரையின் நாலு ஓரத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் கண்ணில் படும். ஒரு அடி இடது பக்கம் நகர்ந்தால் போதும். பின்னணியை மங்கலாக்கித் தப்பிக்கும் வசதி இல்லாததால் இந்தப் பழக்கம் உங்களுக்குச் சீக்கிரமே வந்துவிடும்.

கை நடுக்கத்துக்குச் செலவு அதிகமில்லாத வைத்தியம் இரண்டு. ஒன்று, தூணில் சாய்ந்துகொள்வது. அல்லது கேமராவைச் சுவரில் வைத்து 2 வினாடி டைமரில் எடுப்பது. பட்டனை அழுத்தும்போது வரும் அசைவு அந்த 2 வினாடியில் அடங்கிவிடும். இன்னொன்று, கேமராவின் அடியில் டிரைபாட் திருகுக்கு இருக்கும் துளை கால் இஞ்ச் அளவு. ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் போல்ட் குட்டையாக ஒன்று வாங்கி, அதில் உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு கட்டுங்கள். போல்ட்டைக் கையால் மெதுவாகத் திருகி (இறுக்கினால் உள்ளே உடையும்), கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்து, கேமராவை மேலே இழுத்துப் பிடியுங்கள். டிரைபாட் அளவுக்கு வராது, ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

எடுத்த படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்து அழிக்காதீர்கள். பெரிய திரையில் போட்டு, ஒவ்வொன்றின் விவரத்தையும் பாருங்கள். ஷட்டர் எவ்வளவு, அப்பர்ச்சர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு என்று எல்லாம் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும். இதுதான் உங்கள் மேனுவல் மோடு வகுப்பு. கலங்கிய படத்தில் ஷட்டர் 1/15 (ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு) என்று இருக்கும். ஊஞ்சல் உறைந்து நின்ற படத்தில் 1/500 என்று இருக்கும். கேமரா எந்த வெளிச்சத்துக்கு என்ன எண்ணைத் தேர்ந்தெடுத்தது என்று பார்த்துக்கொண்டே வந்தால், ஒருநாள் மேனுவல் கேமரா கையில் வரும்போது அந்த எண்கள் அந்நியமாகத் தெரியாது.

‘இதைவிட மொபைலில் நன்றாக வருகிறதே’ என்று கேட்பீர்கள். இரவில், எதிர்வெளிச்சத்தில், மொபைல்தான் ஜெயிக்கும், மறுக்கவில்லை. ஆனால் மொபைல் ஒரு அழுத்தலுக்குப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் திருத்தித் தருகிறது. நீங்கள் செய்தது என்ன, அது செய்தது என்ன என்று பிரித்துப் பார்க்க முடியாது. சின்ன கேமரா தப்பைத் தப்பாகவே காட்டும். கற்பதற்கு அது நல்லது. அதோடு மொபைலில் இருப்பது எல்இடி விளக்கு. இதில் இருப்பது நிஜமான செனான் ஃபிளாஷ், கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவாக மின்னி, சொட்டும் நீரைக்கூட நிறுத்திக் காட்டும்.

சின்ன கேமராவைக் கேலி செய்பவர்களுக்குச் சொல்ல ஒரு பெயர்: அலெக்ஸ் மயோலி. மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் அமைப்பைச் சேர்ந்த இத்தாலியப் புகைப்படக்காரர். 2000-களின் தொடக்கத்தில் ஒலிம்பஸ் சி-5050 போன்ற சிறு டிஜிட்டல் கேமராக்களை வைத்து காங்கோ, ஈராக் போன்ற இடங்களில் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தார். நேர்மையாகச் சொன்னால் சி-5050 உங்களுடையதைப் போன்றதல்ல. அதில் மேனுவல் மோடு உண்டு, லென்ஸ் எஃப்/1.8. ஆனாலும் அதன் சென்சாரும் சின்னதுதான், வெறும் 5 மெகாபிக்சல். உங்களுடையது 20.

ஜூம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்காமல், சில வாரம் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து எடுப்பதும் நல்ல பழக்கம். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெசோன், வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு லைக்கா கேமராவும் 50 மி.மீ. லென்ஸுமாகவே ஓட்டியவர். உங்கள் ஜூமில் இரண்டு மடங்கு இடம் அதற்குச் சமம்.

கேமரா மாற்றுவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். எந்தக் காரியம் இதில் நடக்கவில்லை என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறபோது யோசிக்கலாம். ‘பின்னணி கரையவில்லை, மண்டபத்துக்குள் இரைச்சல் தாங்கவில்லை’ என்பது வரி என்றால், பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் போதும். ‘சட்டைப் பையில் வைக்கணும், ஆனால் மேனுவல் மோடும் வேண்டும்’ என்றால் 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடலைப் பாருங்கள். அதன் 1 இஞ்ச் வகை சென்சார் உங்களுடையதைப் போல நாலு மடங்கு பெரியது. எதுவானாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது உங்கள் மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் படம் எடுத்துப் பாருங்கள். ஜூம் லென்ஸ் நீளும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மணல் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்து, சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.